விளக்கக் கடிதம்

நான் கோரையாற்று ரெகுலேட்டரில் லஸ்கர்.
தினமும் நான் எழுதுவது ஒரே வரி:
மேல் மட்டம் இத்தனை, கீழ் மட்டம் இத்தனை.
அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து
இதை எழுதுகிறேன், மாண்புமிகு அய்யா.

ஜூன் பன்னிரண்டில்
மேட்டூரில் நீங்கள் பொத்தானை அமுக்கியதை
டீக்கடை டிவியில் பார்த்தேன்.
தண்ணீர் தெரியாத அளவுக்குப் பூ.
அதே காலையில் எங்கள் செக்‌ஷன் ஆபீஸில்
கையை நீட்டச் சொன்னார்கள்.
குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க
என்னால் இயன்றவரை பாடுபடுவேன்.
எஞ்சினியர் வாசிக்க, ஒன்பது பேர் பின்னால் சொன்னோம்.
வடை ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம், தண்ணீர் வரவேண்டிய ராத்திரி.
ஷட்டர் மரைக்குக் கிரீஸ் பூசப் போனேன்.
ஐந்தாம் கண்ணுக்குக் கீழே
காய்ந்த மணலில் ஒரு பையன் படுத்திருந்தான்.
சுற்றிலும் வாத்து.

பேர் என்னடா?
"எண்ணூத்திப் பதினொண்ணு."
பேரைக் கேட்டேன்.
"எண்ணூத்திப் பன்னெண்டு இருக்கணும்."

டார்ச்சைக் கொஞ்சம் இறக்கினேன்.
தொடையெல்லாம் கோலின் தடம்.
பழசின்மேல் புதுசு.
மட்டம் பார்க்கிறவன், எதையும் அளந்துவிடுவேன்.
அதை அளக்க வரவில்லை.

புயலில் போன கூரைக்காக
அவன் அப்பா கைநீட்டி வாங்கியது பதினெட்டாயிரம்.
விழுந்த தென்னைக்குக் கணக்கெடுத்தார்கள்,
செத்த ஆட்டுக்கும் எடுத்தார்கள்.
போன பையனை யாரும் எழுதவில்லை.
கூரை இப்போது ஒழுகுவதில்லையாம்.

பத்து தொண்ணூற்றெட்டுக்கு அடித்தேன்.
எடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன்.
ஆரோக்கிய ஷீலா என்ற பெண் மறுநாள் மத்தியானம் வந்தாள்,
மூன்று தாலுக்காவுக்கு ஒரே ஸ்கூட்டியில்.
அதிகாரி நாற்காலி காலி, அண்ணே, என்றாள்.
விடுதலைச் சான்றில் கையெழுத்துப் போடவேண்டியவர்
தண்ணீர் திறப்பு பந்தோபஸ்தில் இருக்கிறார் என்றாள்.
ஸ்டேஷனில் சொன்னார்கள்:
வாத்துக்காரன் நல்ல மனுஷன்,
பேசி முடிச்சுக்கலாமே.

அய்யா,
உங்களால் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.
ஆகும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும்.
அங்கே நீங்கள் விரல் வைத்தால்
இத்தனை மைல் கீழே என் கை சக்கரத்தைச் சுற்றுகிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போன்,
மூன்று மணிக்கு ஒரு ஆறு.
கடைமடைக்குத் தண்ணீர் ஒருநாள் பிந்தினால்
டிராக்டர் ரோட்டை மறிக்கிறது, சட்டசபையில் கேள்வி வருகிறது.
கடைமடை வராத சட்டத்துக்கு
எந்த ரோட்டிலும் மறியல் நான் பார்த்ததில்லை.
வாத்து மேய்க்கிறவனுக்கு ஓட்டுப்போட
இன்னும் எட்டு வருஷம் இருக்கிறது.

அந்த நாற்காலியில் ஆளைப் போடுங்கள்.
பேசி முடிக்கிற ஸ்டேஷனில் வழக்கை எழுதச் சொல்லுங்கள்.
காலை ஆறு மணிக்கு என் மட்டம் உங்கள் மேசைக்கு வருகிறதே,
அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கும் வரட்டும்:
இன்று அடிபட்டவர்கள் இத்தனை,
மீட்டது இத்தனை.
இரண்டும் ஒத்துப்போகாத நாளில்
ஏன் என்று கேளுங்கள்.
தண்ணீருக்குக் கேட்பீர்களே, அந்தக் குரலில்.

பூ வேண்டாம்.

மற்றபடி, எனக்கு வந்திருக்கும் மெமோவுக்குப் பதில்:
அன்று ஐந்தாம் கண் நாற்பது நிமிடம் தாமதமாகத் திறந்தது உண்மை.
எண்ணூற்றுப் பதினொரு வாத்தும் கரையேறாமல்
தான் ஏறமாட்டேன் என்றான்.
நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மேலே தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

பேர் விடிந்தபிறகுதான் சொன்னான்.
கபிலேஷ்.
நோட்டில் அதற்கு இடம் இல்லாததால்
கீழ் மட்டத்துக்குப் பக்கத்தில், ஓரமாக
எழுதியிருக்கிறேன்.